ரேஸ் பார்க்கப் பழகலாம் வாங்க: புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் பாட்டி இருந்தவரை வீட்டில் ‘ரேஸ்’ என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து மெட்ராஸில் ரேஸ் என்றால் கிண்டி, கிண்டி என்றால் குதிரை, குதிரை என்றால் சம்பளப் பணம் போச்சு. அதனால் 1980களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னைத் தன் லாம்பிரெட்டாவில் ஏற்றியபோது, “பையனுக்குச் செங்குன்றம் ஏரியைக் காட்டிட்டு வரேன்” என்றுதான் பாட்டியிடம் சொன்னார். ஏரியைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. சோழவரத்தில் போய்த்தான் நின்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போனபிறகு, 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. நான் போன அன்று திருவிழாக் கூட்டம். எனக்கு வயது பத்துகூட ஆகவில்லை. எதிரே வரிசையாகப் பெரியவர்களின் முதுகு.

“என்னடா தெரியுது?”

“முதுகுதான் தெரியுது மாமா.”

மாமாவுக்குப் புதுப்பேட்டையில் மெக்கானிக் வேலை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்போ கண்ணை மூடிக்கோ. ரெண்டு ஃபியட் சேர்ந்து வருது. வளைவு வரும்போது ரெண்டு பேரும் ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாகணும். எவன் கடைசியா எடுக்கறான்னு கேளு.”

கேட்டேன். இரண்டு இரைச்சல் ஒன்றாக ஏறி வந்தது. ஒன்று சட்டென்று இறங்கியது. இன்னொன்று அரை விநாடி கூடுதலாக அலறிவிட்டு இறங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது. எந்தக் கார், யார் ஓட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அரை விநாடியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரேஸ் பார்க்கிற எத்தனையோ பேரிடம் ‘நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறேன். விதிமுறை படித்துவிட்டு வந்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அப்பா பார்த்தார், பக்கத்து வீட்டு அண்ணன் அறையில் மைக்கேல் ஷூமேக்கர் படம் ஒட்டியிருந்தது, 2005இல் நம் ஊர் நரேன் ஓடினார், ஊரடங்கில் நெட்ஃபிளிக்ஸில் ஃபார்முலா 1 ஆவணத் தொடர் பார்த்தேன், அஜித்துக்காகப் பார்க்க ஆரம்பித்தேன்... இப்படித்தான். யாரோ ஒருவர் மேல் முதலில் பிடிப்பு வருகிறது, சட்டதிட்டமெல்லாம் அப்புறம் தானாக வந்து சேர்கிறது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

படி 1: ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இருபதுக்கும் மேற்பட்ட கார்கள், ஹெல்மெட் போட்ட முகங்கள், எல்லாம் ஒரே மாதிரி இரைச்சல். எல்லாரையும் பார்க்க முயன்றால் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வரும். நானே டிவியில் முதன்முதலாகப் பார்த்த முழுப் பந்தயத்தில் பாதியில் தூங்கிவிட்டேன். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலிடத்தில் இருப்பவராக இருக்க வேண்டாம், அவர் பாட்டுக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருப்பார், பார்க்க ஒன்றும் இருக்காது. 7ஆம் இடத்துக்கும் 12ஆம் இடத்துக்கும் நடுவில் இடிபடுகிற ஆளாகப் பாருங்கள். ஃபார்முலா 1இல் முதல் 10 பேருக்குத்தான் புள்ளி உண்டு: வென்றவருக்கு 25, பத்தாமவருக்கு 1. அந்த ஒற்றைப் புள்ளிக்காக நடக்கிற அடிதடி பல நேரம் முதலிடச் சண்டையைவிட ருசியாக இருக்கும்.

தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் அம்மா 2000களில் கிமி ரைக்கோனனைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்றால், “இந்தப் பையன் சிரிக்கவே மாட்டேங்கறானே, எங்க பெரிய அண்ணன் மாதிரியே.” அவ்வளவுதான் காரணம். அவர் ஃபின்லாந்துக்காரர் என்பதோ ஃபெராரி ஓட்டுகிறார் என்பதோ அம்மாவுக்குப் பொருட்டே இல்லை.

2007 கடைசிப் பந்தயம், பிரேசில். அதற்கு முன் ஹாமில்டன் 107, அலோன்சோ 103, ரைக்கோனன் 100. அப்போது வென்றால் 10 புள்ளி. அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று பெயரையும் எழுதி, கார்கள் இடம் மாற மாற அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தார். முடிவில் 110, 109, 109. ஒரே புள்ளியில் ரைக்கோனன் உலகச் சாம்பியன். அம்மா தாளை மடித்துச் சாமி அலமாரியில் வைத்தார். அண்டர்கட் (படி 4இல் சொல்கிறேன்), டயர் என்று எதுவுமே தெரியாத அம்மா, அன்று இரவு என்னைவிட நன்றாகப் பந்தயத்தைப் புரிந்துகொண்டிருந்தார்.

நம் ஊர்ப் பெயர்தான் வேண்டும் என்றால் அதற்கும் குறைவில்லை. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓடி, ஃபார்முலா 1 கண்ட முதல் இந்தியர் ஆனார். 2010இல் சென்னையின் கருண் சந்தோக். இரண்டாவது ஆள் சும்மா வரவில்லை. அவர் அப்பா விக்கி சந்தோக்கும் ஓட்டுநர், தாத்தா இந்து சந்தோக் சென்னையில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களில் ஒருவர். பைக் பக்கம் வந்தால், 2011இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடிய சரத்குமார் (நடிகர் இல்லை, சென்னைப் பையன்). இப்போது கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வருவது அஜித்குமார் வழியாக. 2010லேயே ஃபார்முலா 2 ஓட்டியவர் அவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பிடித்தபோது, அதுவரை ரேஸ் பக்கமே தலைவைக்காதவர்கள்கூட ‘பிரிவு’ என்றால் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல கேள்வி. அடுத்த படி அதுதான்.

படி 2: எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள்

தென் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள் அல்லவா? மோட்டார் பந்தயத்திலும் அதே கதைதான். ஒரே பாதையில் பல பிரிவு வண்டிகளைச் சேர்த்துப் பல மணி நேரம் ஓட்டினால் அது நெடுநேரப் பந்தயம், அதாவது எண்டூரன்ஸ். துபாயும் 1923இல் தொடங்கிய பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரமும் அந்த வகை. ஒரு காரை மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். மொத்தத்தில் முப்பதாவதாக வந்த கார்கூடத் தன் பிரிவில் முதலிடம் வாங்கியிருக்கும்.

ஃபார்முலா 1 என்பது ஒரே பிரிவு. ஒற்றை இருக்கை, மூடாத சக்கரம், சுமார் 305 கி.மீ. தூரம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மோட்டோஜிபி என்பது அதன் பைக் வடிவம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

புதியவர்கள் எல்லாரும் ஃபார்முலா 1இல்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் மோட்டோஜிபியில் தொடங்குவேன். நடுவில் வண்டியை நிறுத்தி டயர் மாற்றுகிற வேலை வழக்கமாகக் கிடையாது, கணக்குப் போட வேண்டாம், முன்னால் இருப்பவர்தான் முன்னால் இருக்கிறார். ஒரு வளைவில் மூன்று பேர் இடம் மாறுவார்கள். மனிதன் அறுபது டிகிரிக்கு மேல் சாய்ந்து முழங்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்க்க எந்த விளக்கமும் தேவையில்லை. 2023இல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பிண்டர் மணிக்கு 366.1 கி.மீ. தொட்டார். நம் நெடுஞ்சாலையில் 100இல் போகும்போதே ஹெல்மெட்டை யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கும். அதை வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆனாலும் நண்பர்களோடு பேச ஆள் வேண்டும் என்றால் ஃபார்முலா 1தான் வசதி. மீதிக் கட்டுரையை அதை வைத்தே எழுதுகிறேன்.

படி 3: சனிக்கிழமையே உட்காருங்கள்

முதல்முறை பார்க்கிறவர்கள் ஞாயிறு பந்தயத்தை மட்டும் போடுகிறார்கள். சனிக்கிழமை நடக்கிற தகுதிச் சுற்று அதைவிட எளிது. ஒரு மணி நேரம், மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவானவர்கள் கழிந்துபோய்க் கடைசியில் 10 பேர் மிஞ்சுவார்கள். அந்த வரிசைப்படிதான் ஞாயிறு நிற்பார்கள்.

கொங்கு நாட்டு ரேக்ளாவில் வண்டிகளைத் தனித்தனியாக 200 மீட்டர், 300 மீட்டர் ஓடவிட்டு, எதற்குக் குறைந்த விநாடி என்று பார்ப்பார்கள். தகுதிச் சுற்று அது. மதுரை, சிவகங்கைப் பக்கம் எல்லா வண்டியையும் ஒன்றாக அவிழ்த்துவிடுவது ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். சனிக்கிழமை வேகமானவர் ஞாயிறு ஜெயிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததும் இதனால்தான். தனியாக ஓடுவது வேறு, கூட்டத்தில் ஓடுவது வேறு.

நேரம் நமக்குச் சாதகம். ஐரோப்பியப் பந்தயங்கள் வழக்கமாக நம் நேரப்படி மாலை 6:30, மெல்பர்ன் காலை 9:30, ஜப்பான் காலை 10:30, சிங்கப்பூர் மாலை 5:30, பிரேசில் இரவு 10:30. இலங்கையிலும் இதே நேரம். மெக்சிகோ மாதிரிச் சில பந்தயங்கள் நள்ளிரவைத் தாண்டும், அவற்றை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் பல ஆண்டு ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 2024இலிருந்து ஃபேன்கோட் செயலியில் வருகிறது. இந்த உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பணம் கட்டும் முன் அந்த ஆண்டு யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆண்டு முழுவதற்கும் கட்ட வேண்டியதில்லை, முதலில் ஒரே ஒரு பந்தயத்துக்குக் கிடைக்கிறதா பாருங்கள்.

படி 4: காரைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

திரையின் இடப்பக்கம் ஒரு பெயர்ப் பட்டியல் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம், பக்கத்தில் ஒரு எண். அந்த எண்தான் முன்னால் போகிறவருக்கும் இவருக்கும் நடுவில் இருக்கிற விநாடி. ‘சும்மா சுத்திச் சுத்தி வர்றாங்க’ என்று சொல்கிற யாரும் அந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் பிடித்துக்கொண்ட ஆளின் எண்ணை மட்டும் ஐந்து சுற்றுக்குக் கவனியுங்கள். 3.8, 3.4, 3.1, 2.5... படத்தில் இரண்டு கார்களும் வேறு வேறு இடத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். எண்ணிலோ ஒருவர் இன்னொருவரைத் துரத்திக்கொண்டிருப்பார்.

எண் ஒன்றுக்குக் கீழே வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 2025 வரை, முன்னால் இருப்பவரை ஒரு விநாடிக்குள் நெருங்கியவர், குறிப்பிட்ட நேர்பகுதியில் பின் இறக்கையின் தட்டைத் திறந்து காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். டிஆர்எஸ் என்பார்கள். 2026 விதிகளில் அதை எடுத்துவிட்டு, நெருங்கி வந்தவருக்குக் கூடுதல் மின்சார வலு தருகிறார்கள். கருவி மாறினாலும் அந்த ஒரு விநாடி மாறவில்லை.

சரி, ஒரு விநாடிக்குள் வந்தும் முந்தவே முடியவில்லை என்றால்? மொனாக்கோ மாதிரி ஒடுக்கமான தெருவில் அதுதான் நடக்கும். முன்னால் போகிற கார் காற்றைக் கலைத்துவிடுவதால் பின்னால் வருகிற காருக்கு வளைவில் பிடிமானம் குறைந்து, டயரும் சூடேறும். அப்போதுதான் பிட் நிறுத்தம் (பாதையோரம் அணியினர் காத்திருக்கும் இடத்தில் டயர் மாற்ற நிற்பது) என்ற ஆயுதம் வெளியே வரும்.

பிட்டில் நான்கு சக்கரத்தையும் மாற்ற இரண்டு, இரண்டரை விநாடி போதும். 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் 1.80 விநாடியில் முடித்தது. நம் ஊர்ப் பஞ்சர் கடையில் ஜாக்கியைத் தேடி எடுப்பதற்குள் இவர்கள் பத்து கார் அனுப்பிவிடுவார்கள். ஆனால் பிட் பாதையில் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் உள்ளே போய் வெளியே வருவதற்குள் மொத்தம் சுமார் 20 விநாடி போய்விடும். இந்த 20ஐ மனதில் குறித்துவையுங்கள். உங்கள் ஆளுக்குப் பின்னால் இருப்பவர் 22 விநாடி தள்ளி இருந்தால், டயர் மாற்றிவிட்டு நிம்மதியாக அதே இடத்துக்குத் திரும்பலாம். 15 விநாடிதான் இருக்கிறது என்றால் இடம் போச்சு.

இப்போது அண்டர்கட். முத்து முன்னால் போகிறார், வேலு 1.5 விநாடி பின்னால். முந்த முடியவில்லை. வேலு முதலில் பிட்டுக்குள் போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டு வருகிறார். புது டயரில் அந்தச் சுற்றை முத்துவைவிட 2 விநாடி வேகமாக ஓட்டுகிறார் என்று வையுங்கள். அடுத்த சுற்றில் முத்து பிட்டுக்குள் போய்த் திரும்பும்போது, வேலு அரை விநாடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். சாலையில் யாரும் யாரையும் தொடவில்லை, முந்தவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. சுற்றிச் சுற்றி வருவதாகச் சொன்ன உங்கள் மைத்துனருக்கு இதை ஒரு தரம் நேரில் காட்டுங்கள். அப்புறம் ரிமோட் உங்களுக்குக் கிடைக்காது.

ரேடியோவில் ‘பாக்ஸ், பாக்ஸ்’ என்று பொறியாளர் சொன்னால் பிட்டுக்கு வா என்று அர்த்தம். சில நேரம் எதிரணியை ஏமாற்றச் சொல்லிவிட்டு உள்ளே வராமலும் போவார்கள்.

இத்தனை கணக்கையும் ஒரே அடியில் கலைப்பது சேஃப்டி கார். யாராவது இடித்துப் பாதையில் சிதறல் கிடந்தால், ஒரு கார் முன்னால் வந்து எல்லாரையும் மெதுவாக வரிசையில் கூட்டிப்போகும். இருபது விநாடி இடைவெளியும் இரண்டு கார் நீளமாகச் சுருங்கிவிடும். 2021 அபுதாபியில் கடைசிப் பந்தயம், ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சரிசமப் புள்ளி. ஹாமில்டன் பத்து விநாடிக்கு மேல் முன்னால். ஐந்து சுற்று இருக்கும்போது வேறொருவர் சுவரில் இடிக்க, சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் மாட்டிக்கொண்டார், ஹாமில்டன் பழைய டயரிலேயே இருந்தார். ஒரே ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார்கள், பட்டம் கைமாறியது. அந்த முடிவு விதிப்படி சரியா என்று இன்றும் சண்டை. எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் அதைச் சொன்னால் பாதிப்பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

படி 5: டயரின் நிறம்

சிவப்பு மென்மை: வேகம், சீக்கிரம் தேயும். மஞ்சள் நடு. வெள்ளை கடினம்: மெதுவாகச் சூடேறி நெடுநேரம் தாங்கும். பச்சை லேசான மழைக்கு, நீலம் பலத்த மழைக்கு. காய்ந்த பாதை என்றால் குறைந்தது இரண்டு வகை போட்டே ஆக வேண்டும், அதனால்தான் எல்லாரும் ஒருமுறையாவது பிட்டுக்கு வருகிறார்கள்.

டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2005 அமெரிக்கப் பந்தயத்தைவிட நல்ல பாடம் இல்லை. இண்டியனாபோலிஸில் ஒரு வளைவு சாய்வாக, சரிவுமேடை மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமையே மிஷெலின் டயர் அங்கே தாங்காமல் ரால்ஃப் ஷூமேக்கர் சுவரில் மோதினார். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றவும் முடியாது. பேச்சுவார்த்தை முறிந்தது. ஞாயிறு அன்று 20 கார்கள் முன்சுற்று (பந்தயம் தொடங்கும் முன் வருகிற மெதுவான சுற்று) வந்தன. அது முடிந்ததும் மிஷெலின் மாட்டிய 14 கார்கள் வரிசையாகப் பிட்டுக்குள் போய் நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய 6 கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. நாங்கள் இரவு கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், டிவியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம்.

அந்த ஆறு பேரில் ஒருவர் நரேன். நான்காவதாக வந்து 5 புள்ளி வாங்கினார். ஆறு பேர் ஓடி நான்காம் இடமா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கோவையில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற சின்னஞ்சிறு காரில் பழகிய பையன், அன்று கடைசிவரை காரைச் சுவரில் இடிக்காமல் கொண்டுவந்து சேர்த்தான்.

படி 6: கொடிகள்

மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு: பந்தயம் நிறுத்தம். நீலம்: உன்னை ஒரு முழுச் சுற்று முந்தியவர் பின்னால் வருகிறார், வழிவிடு. கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே பிரித்தது: கடைசி எச்சரிக்கை. கட்டம்போட்டது: முடிந்தது. இப்போதைக்கு இது போதும். பாக்கியைப் பார்க்கப் பார்க்கத் தெரிந்துகொள்வீர்கள்.

படி 7: ஒரு தரமாவது நேரில் போய்விடுங்கள்

டிவியில் காட்டாத ஒன்று வேகம். கேமரா காரோடு சேர்ந்தே திரும்புவதால் 300 கி.மீ. வேகம்கூட நிதானமாகத் தெரியும். கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளூர்ப் பையன் ஓட்டுகிற சின்ன ஃபார்முலா கார் கடந்து போவதை ஒருமுறை பார்த்தால்தான் புரியும்.

ஃபார்முலா 1 இந்தியாவுக்கு 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவுக்கு வந்தது (மூன்றையும் வெட்டல் வென்றார்), பிறகு வரவில்லை. மலேசியாவின் செபாங்கிலும் 2017உடன் நின்றுவிட்டது, அங்கே மோட்டோஜிபி மட்டும் தொடர்கிறது. பக்கத்தில் என்றால் 2008இலிருந்து நடக்கிற சிங்கப்பூர் இரவுப் பந்தயம். ஆனால் முதல் அனுபவத்துக்கு அவ்வளவு செலவு செய்ய வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது, 3.7 கி.மீ. நீளம், இப்போது மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்தது. தேசிய அளவிலான கார், பைக் பந்தயங்கள் இரண்டிலும் நடக்கும். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவுப் பந்தயம் நடந்ததும் நினைவிருக்கும். சிவானந்தா சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் ஃபார்முலா 4 கார் சீறியதைப் பார்க்க விநோதமாக இருந்தது.

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், காதடைப்பான். கடைசியானது முக்கியம். அக்கா மகனை முதன்முதலாகக் கூட்டிப்போனபோது நான் அதை மறந்துவிட்டேன். இரண்டாவது பந்தயத்தில் காதைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கைக்குட்டையைக் கிழித்துக் காதில் சொருகிச் சமாளித்தோம். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள், உள்ளே என்ன கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

எங்கே நிற்பது? முடிவுக்கோட்டுக்கு எதிரே நிற்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் அடித்துப்பிடித்து நிற்பார்கள், கார் சர்ரென்று போவதைத் தவிர அங்கே ஒன்றும் நடக்காது. நீளமான நேர்பாதை முடிந்து கார்கள் பிரேக் பிடிக்கிற வளைவுக்குப் போங்கள். முந்துவது அங்கேதான். வளைவுக்கு முன்னால் தூரம் காட்டும் பலகைகள் இருக்கும். மூன்று சுற்றுக்கு ஒரு பலகையை மட்டும் உற்றுப் பாருங்கள். முதல் கார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறது, ஐந்தாவது கார் எந்த இடத்தில்? இரண்டு கார் நீள வித்தியாசம் தெரியும். அப்புறம் மாமா சொன்னபடி கண்ணை மூடிக் கேளுங்கள். கியர் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தத்தை எண்ணலாம். பயந்தவர் சீக்கிரமே எண்ண ஆரம்பிப்பார்.

வேலிக்கு இந்தப் பக்கமே இருங்கள். நல்ல படம் கிடைக்கும் என்று யாராவது கூப்பிட்டாலும் தாண்டாதீர்கள். 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவையில் ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் உயிர் போனது. ஓட்டுகிறவர்களுக்கும் இது விளையாட்டுக் காரியம் இல்லை. 2023இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், 13 வயதுப் பைக் ஓட்டுநர் ஒருவனும் இறந்தார்கள். அந்த வாரங்களில் நான் எந்தப் பந்தயத்தையும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். இந்த விளையாட்டை ரசிக்கிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு முடிச்சு உள்ளே இருக்கும், புதிதாக வருகிறவர்களும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

படி 8: ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்

ஊருக்கு ஊர் கோ-கார்ட் பாதை வந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குப் பத்துச் சுற்று கிடைக்கும். இருக்கை தரையை ஒட்டி இருப்பதால் 50 கி.மீ. வேகமே பறக்கிற மாதிரி இருக்கும். ஐந்தாவது சுற்றில் முன்கை வலிக்க ஆரம்பிக்கும், எட்டாவது சுற்றில் கவனம் சிதறி ஒரு வளைவைத் தவறவிடுவீர்கள். ஒன்றரை மணி நேரம் இதைச் செய்கிற ஆட்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். முடிந்ததும் நேரம் அச்சடித்த சீட்டு தருவார்கள், அதில் உங்கள் சுற்றுகளுக்குள் எத்தனை விநாடி வித்தியாசம் என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை நான்கு விநாடி. தொழில்முறை ஓட்டுநர்களுக்கு அது பத்தில் ஒன்றிரண்டு பங்கு விநாடிதான் இருக்கும்.

கார்ட் ஓட்டிய சூட்டோடு ஈசிஆரில் போய்க் கையைக் காட்டுகிற ஆசை சிலருக்கு வரும். அதைப் பற்றி எனக்குப் பொறுமையாகப் பேசத் தெரியாது. ஆசை உண்மையானது என்றால் முறையான பயிற்சிப் பள்ளி இருக்கிறது, உரிமம் இருக்கிறது, பாதை இருக்கிறது. ஓட்ட வசதி இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மார்ஷல் ஆகலாம். பாதையோரம் நின்று கொடி காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், வங்கியிலும் கல்லூரியிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வெயிலில் நிற்பவர்கள். எந்த டிக்கெட்டும் தராத நெருக்கம் அவர்களுக்குக் கிடைக்கிறது.

அக்கா மகன் இப்போது அந்த வேலைக்குத்தான் போகிறான். போன மாதம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கழுத்தெல்லாம் கறுத்துப்போய் வந்தவனிடம், யார் ஜெயித்தது என்று கேட்டேன். “தெரியல மாமா. என் வளைவுல யாரும் இடிக்கல” என்றான்.